நாற்பத்தொன்றாவது விஞ்ஞானி

அத்தியாயம் 6

நாற்பது பேர் உதிர்ந்துவிட்டார்கள். நாற்பத்தொன்றாவது ஆள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

சுவரில் ஒட்டியிருந்த தாளைத் துப்பறிவாளர் முத்திரை முறைத்துக்கொண்டு நின்றார். ‘பூமி சூடாவதற்கும் மனிதனுக்கும் தொடர்பில்லை – நாற்பத்தொரு விஞ்ஞானிகளின் பிரகடனம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே வரிசையாகப் பெயர்களும் பட்டங்களும். அனல்மின் நிலையம் இரண்டாவது புகைபோக்கி கட்ட அனுமதி கேட்டு, விசாரணை அதிகாரியிடம் கொடுத்திருந்த காகிதம் அது. எதிர்த்து நின்றவர்கள் ஆற்றோரக் குடியிருப்பு மக்கள். ஐந்து வருடத்தில் மூன்று முறை வெள்ளம் அவர்கள் வீட்டுக்குள் வந்து, சுவர்க் கடிகாரம் வரை ஏறிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பிரகடனம் செல்லுபடியானால் புகைபோக்கி எழும்பும். ‘எல்லாம் இயற்கை, யாரும் பொறுப்பல்ல, இடம் ஆபத்தானது’ என்ற மூன்று வரியில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் காலியாகும்.

விசாரணை நாளைக் காலை பதினொரு மணிக்கு.

முத்திரைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பல்கலைக்கழகத்தின் சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் போலிப் பட்டங்களைப் பிடித்துப் பிடித்துச் சிவப்பு முத்திரை குத்தியவர். எத்தனை பேர் வேலை போய்த் தெருவில் நின்றார்கள் என்று அவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. தூக்கமும் கெடவில்லை. ஓய்வு பெற்றதும் அதே மூக்கை வைத்துத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அவருடைய உதவியாளர் ஜெராக்ஸ், நகல் எடுக்கும் கடையில் பத்து வருடம் நின்றவள். காகிதத்தை விரலால் தடவியே எது அசல், எது நகல் என்று சொல்லிவிடுவாள். அவள் வாய் மட்டும் யாரிடமும் நகல் எடுக்காத சுத்த அசல்.

“பன்னெண்டாம் நம்பர் பல் டாக்டர்,” என்று அவள் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தாள். “பனிமலையும் வெள்ளை, பல்லும் வெள்ளை. அதான் உரிமையோட பேசிட்டார். பத்தொம்பது லிஃப்ட் இன்ஜினியர். மேல ஏறுறது எல்லாமே தன் டிபார்ட்மென்ட்னு நெனச்சிருக்கார். முப்பத்திமூணுக்கு டாக்டர் பட்டம் கொடுத்த சர்வதேசப் பல்கலைக்கழகம் ஒரு தையல் கடை மாடியில இருக்கு. பட்டம் வேணும்னா உள்பாவாடை தைக்கிறவங்களத் தாண்டிப் போகணும்.”

“இருபத்தேழு?”

“கையெழுத்துப் போடறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே செத்துட்டார் சார். இப்ப அவர் இருக்கிற இடத்துல சூடு ஜாஸ்தி. அவருக்கு மட்டும் நேரடி அனுபவம் உண்டு.”

எதிரே உட்கார்ந்திருந்த வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குடியிருப்பு மக்களின் வழக்கை எடுத்து நடத்துபவர் அவர்தான்.

“நாப்பது பேர உதிர்த்தும் பிரயோஜனம் இல்ல,” என்றார். “அதிகாரி தெளிவாச் சொல்லிட்டார். ‘ஒரே ஒரு நிஜ விஞ்ஞானி போதும், நான் கேட்பேன்’னு. அந்த நாப்பத்தொண்ணாம் ஆள் நாளைக்கு நேர்ல வந்து, சூட்டுக்குக் காரணம் சூரியன்தான்னு சொல்லப் போறார். அவர் பட்டம் போலின்னு காட்டுங்க. இல்லன்னா நான் வாய மூடிட்டு உக்காரணும்.”

“பட்டம் போலி இல்ல,” என்றார் முத்திரை. “நேத்தே பார்த்துட்டேன். வானிலை ஆய்வுல முனைவர். நம்ம பல்கலைக்கழகம்தான்.”

வக்கீலம்மாவின் முகம் தொங்கிவிட்டது.

“ஆனா இதப் பாருங்க.” முத்திரை நாற்பத்தொன்றின் தன்விவரத் தாளை நீட்டினார். “படிச்ச ஸ்கூல் பேர் இருக்கு. ஒன்பதாங் கிளாஸ்ல வாங்கின பேச்சுப் போட்டிப் பரிசு இருக்கு. ஆய்வேட்டோட தலைப்பு மட்டும் இல்ல. டாக்டர் பட்டம் வாங்கினவன் தலைப்பக் கல்யாணப் பத்திரிகையில கூடப் போடுவான். இந்த ஆள் ஏன் முழுங்கினான்?”

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேடுகள் அடுக்கி வைத்த அறை அடித்தளத்தில் இருந்தது. பச்சை இரும்பு அலமாரிகள், கொட்டாவி விடும் மின்விசிறி, பூச்சி உருண்டை வாசனை. நூலகர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பதிவேட்டைப் புரட்டினார்.

“அந்த ஆய்வேடு ஷெல்ஃப்ல இல்ல. எட்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் எடுத்துட்டுப் போனார். திரும்பி வரல.”

“எடுத்தது யாரு?”

நூலகர் விரல் ஒரு கையெழுத்தின் மேல் நின்றது. “எழுதினவரேதான்.”

ஜெராக்ஸ் விசில் அடித்தாள். “சொந்தப் பிள்ளையத் தானே கடத்திட்டுப் போன அப்பன இப்பத்தான் பாக்கறேன்.”

துறை நூலகத்திலும் விசாரித்தார்கள். அங்கேயும் அதே கையெழுத்து, அதே வாரம். வழிகாட்டிப் பேராசிரியர் இறந்தபின் அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த முதல் மாணவர் நாற்பத்தொன்றுதான் என்றும், போகும்போது நினைவுக்காக ஒரு புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றும் பேராசிரியரின் மருமகள் போனில் சொன்னாள். அனல்மின் நிலையத்தில் அவர் ஆலோசகராகச் சேர்ந்ததும் எட்டு வருடம் முன்புதான்.

“எல்லாத்தையும் துடைச்சுட்டான் சார்,” என்றாள் ஜெராக்ஸ்.

“ஒண்ண மறந்துட்டான்.” முத்திரை தன் பழைய பிரிவுக்குள் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தார். “ஆளுங்களுக்குப் பல்கலைக்கழகம்னா லைப்ரரிதான் ஞாபகம் வரும். தபால் அனுப்புற பதிவேட்ட எவனும் நினைக்க மாட்டான். கரையான் தின்னாலும் அதத் தூக்கிப் போடக் கூடாதுன்னு இங்க ரூல்.”

இருபத்தைந்து வருடப் பழைய பதிவேடு. அவர் தேடியது அரைமணி நேரத்தில் அகப்பட்டது. வழக்கமாக ஐந்து பிரதிகள். இந்த ஆய்வேட்டுக்கு மட்டும் ஆறு. ‘ஆறாம் பிரதி – ஆய்வாளரின் வேண்டுகோளின்படி – அப்சர்வர், மலை வானிலை நிலையம்.’

மலை நிலையத்துக்குப் போன் போட்டார்கள். வெயிலும் மழையும் அளந்து குறிக்கும் அந்த அப்சர்வர் ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிறது என்று இப்போதைய அப்சர்வர் சொல்லி, வீட்டு முகவரியும் கொடுத்தார்.

முகவரியை எழுதிக்கொண்ட ஜெராக்ஸின் பேனா நின்றது. “சார், இது நம்ம ஆற்றோரக் குடியிருப்பு. பதினேழாம் நம்பர் வீடு. வக்கீலம்மா லிஸ்ட்ல இவரும் இருக்கார்.”

பதினேழாம் நம்பர் வீட்டுச் சுவரில் மூன்று வெள்ளக் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி, மணி, உயரம் பென்சிலில் எழுதியிருந்தது. வெள்ளம் வீட்டுக்குள் வரும்போதுகூட அளந்து குறித்த மனிதர். எழுபது வயது, ஒல்லி, சட்டைப் பையில் இன்னும் பென்சில். மேஜையில் கனமான ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது.

“இது வெயில அளக்கற உருண்டைம்மா,” என்றார் ஜெராக்ஸ் பார்ப்பதைப் பார்த்து. “வெயில் இதுல விழுந்து பின்னாடி இருக்கிற அட்டையப் பொசுக்கும். எவ்வளவு நேரம் வெயிலோ அவ்வளவு நீளம் தீஞ்சிருக்கும். இது விரிசல் விட்டதுன்னு தூக்கிப் போட்டாங்க. நான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

“உங்ககிட்ட ஒரு ஆய்வேடு இருக்கு,” என்று முத்திரை நேராக விஷயத்துக்கு வந்தார்.

பெரியவர் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு பழைய போட்டோ. மலை உச்சியில் வெப்பமானி வைக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றின் பக்கத்தில் இருபது வயது வாலிபன். அவன் தோளில் பத்து வயதுப் பையன். பையனின் முகத்தில், தன்விவரத் தாளின் படத்தில் பார்த்த நாற்பத்தொன்றின் மூக்கு அப்படியே இருந்தது.

“என் தம்பிதான்,” என்றார். “அப்பா இல்ல. நான் மலை மேல வேல பாத்து இவனப் படிக்க வச்சேன். பதினெட்டு வருஷக் கணக்கு அவன் ஆய்வேட்டுல இருக்கு. ஒவ்வொரு நம்பரும் நான் எடுத்தது. அதனாலதான் ஆறாவது காப்பி எனக்கு அனுப்பினான்.”

“நாளைக்கு அதே தம்பி வந்து, இந்த வீடு முழுகறதுக்கு யாரும் காரணம் இல்லன்னு சொல்லப் போறான். தெரியுமா?”

“தெரியும்.”

“அவன் ஆய்வேட்டுல என்ன எழுதியிருக்கான்?”

பெரியவர் கண்ணாடி உருண்டையைத் துணியால் துடைத்தார். “அது அவன் சொல்ல வேண்டியது. என் தம்பிய நான் காட்டிக் கொடுக்க மாட்டேன் சார். வீடு போனாப் போகட்டும்.”

அவ்வளவுதான். வாசல் வரை மரியாதையாக வந்து வழியனுப்பினார்.

காரில் ஏறியதும் முத்திரை உதவியாளர் பக்கம் திரும்பினார். “ஜெராக்ஸ், நாப்பத்தொண்ணு தாக்கல் பண்ணின வாக்குமூலம் உன்கிட்ட இருக்குல்ல? எத்தனை பத்தி?” என்றார்.

“பதிமூணு.”

“பதினாலாவது ஒண்ணு அடி. அதே எழுத்து, அதே காகிதம். ‘மலை நிலையத்தின் பழைய அளவீடுகள் நம்பத் தகுந்தவை அல்ல. அப்சர்வர் வீட்டில் உட்கார்ந்தே எண்களை எழுதிப் போட்டார்’னு.”

ஜெராக்ஸ் திரும்பிப் பார்த்தாள். “சார், இருபத்தாறு வருஷம் நீங்க புடிச்சு உள்ள தள்ளினது இந்த வேல பாத்தவங்களத்தான்.”

“அதனாலதான் எப்படிப் பண்ணணும்னு எனக்குத் தெரியும். அந்தக் கிழவனுக்கு வீட்டு மேல ஆசை இல்ல. நம்பர் மேலதான் உயிர். அங்க கை வச்சா அலறிக்கிட்டு எடுத்துக் கொடுப்பான்.”

“பாவம் சார்.”

“இருநூத்திப் பன்னெண்டு வீடு பாவம் இல்லையா? அடி.”

அவள் அடித்தாள். காலை எட்டு மணி, மாலை ஐந்து மணி அளவீடுகள் என்று விவரமெல்லாம் கொடுத்து, பார்த்தால் உண்மை என்று படும்படி நன்றாகவே அடித்தாள். தொழில் திறமை மனசாட்சியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தாள் வெளியே வந்தபோது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை நினைத்துப் பின்னால் அவள் வெட்கப்பட்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடியும் பதினேழாம் நம்பர் வீடு. பெரியவர் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார். முதலில் முகம் வெளுத்தது. மறுபடியும் படித்தார். இந்தத் தடவை ஒரு இடத்தில் அவர் கண் நின்றது. நெற்றிச் சுருக்கம் மெதுவாகத் தளர்ந்தது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில், பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உள்ளே போனார். மூன்று வெள்ளத்திலும் பரணில் தப்பித்த ஒரு தகரப் பெட்டியிலிருந்து ஆய்வேட்டைக் கொண்டுவந்து ஜெராக்ஸ் கையில் கொடுத்தார்.

“பத்திரம்மா. கடைசியில அட்டையெல்லாம் ஒட்டியிருக்கு. உதிர்ந்துடப் போகுது.”

“விஷம் ஏறிடுச்சு,” என்று முத்திரை வெளியே வந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டார்.

ஆபீஸில் உட்கார்ந்து புரட்டினார்கள். தலைப்பிலேயே விஷயம் இருந்தது: ‘மலை நிலையத்தில் இரவு வெப்ப உயர்வும் அதற்கான மனிதக் காரணங்களும்.’ பதினெட்டு வருடத்தில் இரவுகள் படிப்படியாகச் சூடேறியிருந்தன. வெயில் பொசுக்கிய அட்டைகளோ வருடத்துக்கு வருடம் அதே நீளம். வெயில் அதிகரிக்கவே இல்லை. முடிவுரை: ‘இந்த உயர்வுக்குச் சூரியனைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. நாம் எரித்து வானத்தில் சேர்க்கும் வாயுவே இரவிலும் சூட்டைப் போகவிடாமல் மூடுகிறது.’

“சூரியன் மேல பழியப் போட்ட ஆளே, சூரியன் நிரபராதின்னு எழுதிக் கொடுத்திருக்கான்,” என்றாள் ஜெராக்ஸ். “சம்பவ இடத்துல சூரியன் இல்லவே இல்லன்னு எப்பேர்ப்பட்ட அலிபி சார்! குற்றவாளியே தயார் பண்ணினது.”

முத்திரை அட்டவணைகளை விரலால் தடவிக்கொண்டே போனார். மூன்றாம் வருடத்தில் விரல் நின்றது. மூன்று நாட்களுக்கு எண்ணே இல்லை. வெறும் காலிக் கட்டங்கள். பதினெட்டு வருடத்தில் அந்த மூன்று நாட்கள் மட்டும்தான்.

“லீவு போட்டிருப்பார்,” என்றாள் ஜெராக்ஸ்.

“இருக்கலாம்,” என்றார் முத்திரை. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் சொருகினார்.

காலை பதினொரு மணிக்கு விசாரணை மண்டபம் நிறைந்துவிட்டது. குடியிருப்பு மக்கள் பின்பக்கம் பெஞ்சில். அவர்களோடு பெரியவர், இஸ்திரி போட்ட சட்டையில், சரியாகப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொன்று கழுத்துப்பட்டையும் வெள்ளி மயிருமாக வந்தார். அண்ணனைப் பார்த்தார், பார்க்காதவர்போல் முன்வரிசைக்குப் போய்விட்டார்.

அவர் பேச்சு அருமையாக இருந்தது. சூரியன் வீங்குவதும் சுருங்குவதும், லட்சம் வருடச் சுழற்சிகள், மனிதன் ஒரு தூசி. அதிகாரி தலையாட்டிக் கேட்டார். பிறகு வக்கீலம்மா எழுந்து ஆய்வேட்டை மேஜைமேல் வைத்தார்.

“இது யார் எழுதினது டாக்டர்?”

நாற்பத்தொன்றின் கை கழுத்துப்பட்டைக்குப் போயிற்று. முடிவுரையை வக்கீலம்மா வரி வரியாகப் படித்தார். ஜெராக்ஸ் திரும்பிப் பெரியவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை. பரீட்சை எழுதும் பிள்ளையை வாசலில் நின்று பார்க்கும் ஆள்போல, தம்பியை மட்டும் பார்த்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார்.

நாற்பத்தொன்று ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

“நான் எழுதினதுதான்,” என்றார். “அந்த வயசுல நான் ஏமாந்துட்டேன். அந்த நம்பர்கள் நான் எடுத்தது இல்ல. மலையில இருந்த ஒரு அப்சர்வர், அதிகம் படிக்காதவர், மழைன்னும் குளிருன்னும் பெட்டிகிட்டயே போகாம, வீட்ல உக்காந்து எழுதிப் போட்டிருக்கார். இது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. அதனாலதான் மத்த காப்பியெல்லாம் நானே திரும்ப வாங்கினேன்.”

அவள் அடித்த பதினாலாவது பத்தி, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், உயிரோடு எழுந்து நின்று பேசியது.

முத்திரை மட்டும் அசரவில்லை. வக்கீலம்மாவின் காதில் ஏதோ சொல்லி, காகிதத் துண்டு சொருகிய பக்கத்தைத் திறந்து கொடுத்தார்.

“வீட்ல உக்காந்து எழுதிப் போடறவர்னா,” என்றார் வக்கீலம்மா, “எல்லா நாளுக்கும் எழுதிப் போட்டிருக்கலாமே. இந்த மூணு நாள் மட்டும் ஏன் காலி? பொய்க் கணக்கு எழுதறவன் காலியா விட்டு மாட்டிக்குவானா?”

“எனக்குத் தெரியாது. அவரைத்தான் கேக்கணும்.”

“அவர் இங்க இருக்கார்,” என்றார் வக்கீலம்மா.

அதிகாரி கேட்டதும் பெரியவர் எழுந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

“அந்த மூணு நாள் நான் மலையில இல்லைங்க. ஆஸ்பத்திரியில இருந்தேன். இவனுக்கு டைபாய்டு. தூக்கிக்கிட்டுத்தான் மலையிலருந்து எறங்கினேன். மூணு நாள் கண்ணு தொறக்கல. பக்கத்துலயே இருந்தேன். மேல ஏறி அளக்க ஆள் இல்ல.” அதிகாரியை நேராகப் பார்த்தார். “அளக்காதத எப்படிங்க எழுதறது?”

அதிகாரி நாற்பத்தொன்றைப் பார்த்தார். “இவர் உங்களுக்கு யாரு?”

“அண்ணன்,” என்றார் நாற்பத்தொன்று, மேஜையைப் பார்த்து.

அப்புறம் எல்லாம் வேகமாக முடிந்தது. நாற்பத்தொன்றின் சாட்சியத்தை அதிகாரி ஒதுக்கினார். ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார். இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி மறுத்தார். பின்பெஞ்சில் கூச்சல், கைத்தட்டல். யாரோ வக்கீலம்மாவைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். நாற்பத்தொன்று பக்கவாட்டுக் கதவு வழியாக, பையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார்.

“பாத்தியா?” முத்திரை ஜெராக்ஸின் தோளைத் தட்டினார். “நாம கிழவன் தலையில கட்டின பொய்ய, தம்பிக்காரனே வந்து உண்மையாக்கிட்டுப் போயிட்டான். இப்ப நம்ம கை சுத்தம்.”

ஜெராக்ஸ் வெளியே நடந்தாள். மண்டபத்து வாசலில், வெயிலில், பெரியவர் அவளுக்காகக் காத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“இது நீ அடிச்சதுதானேம்மா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பயப்படாத. படிச்சப்பவே தெரிஞ்சுது. எட்டு மணி, அஞ்சு மணின்னு போட்டிருக்க. நாங்க அளக்கறது எட்டரைக்கும் அஞ்சரைக்கும். என் தம்பியத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சரியாச் சொல்லுவான். சின்ன வயசுல அவன்தான் மணி பாத்துச் சொல்லுவான்.”

“தெரிஞ்சும் எதுக்குய்யா கொடுத்தீங்க?”

“தெரிஞ்சதாலதான் கொடுத்தேன். இத அவன் எழுதலன்னு ஆயிடுச்சு. என் கணக்கப் பொய்னு அவன் சொல்ல மாட்டான்னு ஆயிடுச்சு. அப்ப பயம் என்ன? புத்தகத்தக் கண்ணால பாத்தா உண்மைய ஒத்துக்குவான்னு நெனச்சேன்.”

பின்னால் மக்கள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். பெரியவர் பென்சிலைப் பையில் சரிசெய்தார். கிளம்பப் போனவர் நின்றார்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும்மா. இந்தத் தாள அவனும் பாத்திருப்பானா? யாராவது காட்டியிருப்பாங்களா? இதப் பாத்துட்டுத்தான், பதட்டத்துல, இதுல இருக்கறத அப்படியே சொல்லிட்டானோ?”

அவர் கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. ஆமாம் என்று சொன்னால் போதும். பத்து வருடம் ஆயிரக்கணக்கில் நகல் எடுத்தவளுக்கு இன்னொரு பொய் பெரிய வேலை இல்லை. நேற்று இதே கையால்தான் அடித்தாள். ஆனால் அளக்காததை எழுதத் தெரியாத மனிதர் எதிரே நின்றார்.

“இல்லங்கய்யா,” என்றாள் ஜெராக்ஸ். “நான் ஒரே ஒரு காப்பிதான் எடுத்தேன். அது உங்ககிட்டத்தான் இருந்துச்சு.”

பெரியவர் தலையாட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆற்றோரக் குடியிருப்புக்குப் போகும் தெருவில் இறங்கி நடந்தார்.